பெரிய நாடு வளர்ந்தால் மலைப் பூண்டுக்கு என்ன ஆகும்?

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரிலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒரு நாடு பொருளாதார வல்லரசாக எழும்போது அக்கம்பக்கத்து நாடுகளுக்கு அது நல்லதா கெட்டதா? சீனாவால் வியட்நாம் முன்னேறியது என்கிறார்கள், இலங்கை மூழ்கியது என்றும் சொல்கிறார்கள். போட்டித் தேர்வில் எதை எழுதுவது? எங்கள் வீட்டில் பூண்டு போடுகிறோம். சீனப் பூண்டு வந்தால் எங்கள் கதி என்ன?"

தேர்வுக்கு எழுத வேண்டியது சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். பெரிய சந்தை திறக்கிறது, மலிவான சரக்கு கிடைக்கிறது, முதலீடு வருகிறது என்று ஒரு பத்தி. உள்ளூர்த் தொழில் நசிகிறது, வர்த்தகப் பற்றாக்குறை கூடுகிறது, கடன் ஏறுகிறது, அரசியல் நெருக்கடி வருகிறது என்று இன்னொரு பத்தி. மார்க் வந்துவிடும். ஆனால் விஷயம் பிடிபடாது. வியட்நாமுக்கு லாபம், இலங்கைக்கு நட்டம் என்று நாட்டுக்கு நாடு பேரேடு போட்டால், ஒரே ஊரில் ஒரு வீடு நிமிர்ந்து அடுத்த வீடு சாய்வது அந்தக் கணக்கில் வரவே வராது. நீங்கள் என்ன விற்கிறீர்கள், அந்தப் பெரிய நாடு அதை வாங்குகிறதா, இல்லை அதே சரக்கை அதுவும் விற்கிறதா, அது கதவைச் சாத்தினால் போய் நிற்க உங்களுக்கு வேறு வாசல் இருக்கிறதா? நான் பார்த்தவரையில் எல்லாம் இதில்தான் அடங்குகிறது. கடைசியாகச் சொன்ன அந்த வேறு வாசல்தான் மற்றதைவிடக் கனமானது.

நான் குன்னூர்ப் பக்கம் தேயிலை வியாபாரத்தில் இருப்பவன். அதனால் எங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன், தேயிலைக்கு முன்னால் தைலம். யூகலிப்டஸ் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காக இங்கே வந்த மரம். பிறகு அதன் இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பது ஊட்டியைச் சுற்றி ஒரு குடிசைத் தொழிலாக வேர்விட்டது. கொட்டகைகளைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. உதிர்ந்த இலையைக் கூட்டி மூட்டை கட்டிக் கொண்டுவந்து எடைக்குப் போடுவார்கள். தகரக் கூரைக்குள் ஒரு பெரிய பாத்திரம், அதில் இலையை மிதித்து அமுக்கி நிரப்பி, ஆவி கசியாமல் மூடியைச் சுற்றி அடைப்பார்கள். அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை. நேற்றுக் காய்ச்சி எடுத்த இலைச் சக்கையே இன்றைய எரிபொருள். ஆவி குழாயில் ஏறி, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, மறுமுனையில் தண்ணீரும் எண்ணெயுமாகச் சொட்டும். மேலே மிதக்கும் எண்ணெயை வடித்து எடுக்க வேண்டும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும்.

சீனாவின் யுன்னான் மாகாணத்திலும் இதே மரம் உண்டு. அதற்கும் மேலே, கற்பூர மர வகைகளின் எண்ணெயைப் பகுத்து, அதில் சினியோல் நிறைந்த பகுதியைப் பிரித்து யூகலிப்டஸ் எண்ணெயாகவே விற்கிறார்கள். தைலத்தின் காரத்துக்கும் மருந்துக் குணத்துக்கும் காரணமே அந்த சினியோல்தான். தரக்கட்டுப்பாட்டில் பார்ப்பதும் அதன் சதவீதத்தை. ஆக, மருந்துக் கம்பெனி கேட்கும் அளவுக்கு, கேட்கும் டன்னுக்கு, எங்களைவிடக் குறைந்த விலையில் அவர்களால் தர முடிகிறது. இன்று உலகச் சந்தையில் போகும் யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும் பங்கு சீனாவுடையது. இங்கே கொட்டகைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப் போகும் புட்டியில் எந்த ஊர் எண்ணெய் இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம்.

இதில் இந்தியாவுக்கு லாபமா நட்டமா? வலி மருந்து தயாரிப்பவருக்கு மூலப்பொருள் மலிந்தது. தலைவலிக்குத் தடவுகிறவருக்கு டப்பா விலை ஓரளவு அடங்கியிருந்தது. கணக்குப் போட்டால் மொத்தத்தில் நாட்டுக்கு லாபம் என்றுகூட வரலாம். ஆனால் அந்த லாபம் கோடிப் பேருக்கு ஆளுக்குச் சில காசாகச் சிதறிப்போகும். நட்டம் ஊட்டி மலையில் சில நூறு குடும்பங்களின் தலையில் மொத்தமாக விழும். லாபம் அடைந்தவருக்கு அது தெரியவே தெரியாது, இழந்தவருக்கோ வேறு எதுவும் கண்ணில் படாது. அமெரிக்காவில் டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2013-இல் காட்டியதும் இதுதான். சீன இறக்குமதியோடு நேருக்கு நேர் போட்டியிட்ட தொழில்கள் இருந்த வட்டாரங்களில் வேலை போனது, போனவர்கள் வேறு ஊருக்கு நகர்ந்து வேறு தொழிலில் ஒட்டிக்கொள்வார்கள் என்ற பாடப்புத்தக எதிர்பார்ப்பு பலிக்கவில்லை, பாதிப்பு ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியது. 'சீன அதிர்ச்சி' என்ற பெயர் அவர்கள் ஆய்வால்தான் பரவியது.

அதே ஊட்டி மலையில் இன்னொரு காட்சி. தேயிலை பறிக்க ஆள் கிடைக்காத ஒரு ஏக்கர்க்காரர், சீனத் தயாரிப்பு பேட்டரி மெஷினை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாகத் தோட்டத்தை முடித்துவிடுகிறார். அந்த மெஷின் இல்லாவிட்டால் அவர் தோட்டத்தைக் காடாக விட்டிருப்பார். (மெஷின் அறுப்பில் முற்றிய இலை கலந்து தரம் கெடுகிறது என்று ஃபேக்டரிக்காரர்கள் முனகுவது வேறு கதை.) அவருடைய அண்ணனே தைலக் கொட்டகையை மூடியவராக இருக்கலாம். எந்தப் பக்கம் நின்று சீனாவின் வளர்ச்சியைப் பேசுவது?

இனி பூண்டு. உங்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சியை எடுத்து வைத்திருக்கிறேன். தேர்வில் எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென்கொரியா தன் பூண்டு விவசாயிகளைக் காக்க, சீனப் பூண்டின் மீதான வரியை 315 சதவீதத்துக்கு ஏற்றியது. தேர்தல் ஆண்டு, கிராமத்து ஓட்டு, காரணம் விளங்கக்கூடியதுதான். ஒரு வாரத்துக்குள் சீனா பதில் சொன்னது. பூண்டைப் பற்றிப் பேசவே இல்லை. கொரியாவிலிருந்து வரும் கைப்பேசிகளையும் பிளாஸ்டிக் மூலப்பொருளான பாலிஎத்திலீனையும் நிறுத்தியது. கொரியாவுக்குள் வந்த சீனப் பூண்டின் மதிப்பு ஆண்டுக்கு ஒரு கோடி, ஒன்றரைக் கோடி டாலர் அளவு. நிறுத்தப்பட்ட கொரியச் சரக்கு சுமார் 50 கோடி டாலர். சீனா அப்போது உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர் இல்லை, 2001 டிசம்பரில்தான் சேர்ந்தது. முறையிடக்கூட இடமில்லை. ஜூலை மாதமே கொரியா இறங்கி வந்து, ஆண்டுக்கு 32,000 டன் அளவுக்குச் சீனப் பூண்டைக் குறைந்த வரியில் வாங்க ஒப்புக்கொண்டது. அதோடு முடியவில்லை. பாதுகாப்பு வரியை 2002-க்குப் பிறகு நீட்டிக்க மாட்டோம் என்றும் அதே பேச்சில் வாக்குக் கொடுத்திருந்தது பின்னால் வெளியே கசிந்து, விவசாயிகள் கொதித்தார்கள், பெரிய அதிகாரிகள் பதவி விலக வேண்டியதாயிற்று.

கைப்பேசிக் கம்பெனிக்கும் பூண்டு விவசாயிக்கும் நடுவில் கொரிய அரசு யாரைத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். அது சீனாவிடம் தோற்ற கதை என்று சொல்வதைவிட, கொரியத் தலைநகர் சோலுக்குள்ளேயே கிராமம் தோற்ற கதை என்பேன். பெரிய பங்காளியோடு வியாபாரம் வளர வளர, ஒரு தொழிலைக் காப்பாற்ற இன்னொரு தொழிலைப் பணயம் வைக்க வேண்டிவரும். எதைப் பணயம் வைப்பது என்பது தலைநகரத்தில் யாருடைய குரல் எடுபடுகிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஆஸ்திரேலியா. கொரோனா எங்கிருந்து தொடங்கியது என்று விசாரிக்க வேண்டும் என 2020-இல் அந்த அரசு கேட்டது. அந்த ஆண்டிலேயே சீனா அதன் பார்லிக்கு 80 சதவீதத்துக்கு மேல் வரி போட்டது, ஒயினுக்கு அதைவிடக் கடுமையாக. நிலக்கரி துறைமுகத்தில் நின்றது. இரும்புத் தாதை மட்டும் தொடவில்லை, ஏனென்றால் அவ்வளவு தாதுக்குச் சீனாவுக்கு வேறு இடம் கிடையாது. பார்லிக்காரர்கள் சவூதி போன்ற வேறு வாடிக்கையைப் பிடித்துத் தப்பினார்கள். சீனர்களின் நாக்குக்கென்றே சரக்கு தயாரித்துவந்த ஒயின்காரர்கள் தத்தளித்தார்கள். பார்லி வரி 2023-லும் ஒயின் வரி 2024-லும் நீங்கின. ஒரே நாடு, ஒரே சண்டை, சரக்குக்குச் சரக்கு வேறு விதி.

வாங்குகிறவன் மட்டும்தான் இப்படிச் செய்ய முடியும் என்றில்லை. 2025 ஏப்ரலில் சீனா மின்மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் இங்கே மின்வாகனக் கம்பெனிகள் கையைப் பிசைந்தன. 2020-இல் எல்லையில் நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு சீனச் செயலிகளைத் தடை செய்தோம், ஆனால் சீனாவோடு நம் வர்த்தகப் பற்றாக்குறை 2024-25-இல் சுமார் 9,900 கோடி டாலராக ஏறிவிட்டது. கோபம் ஒரு பக்கம், கொள்முதல் இன்னொரு பக்கம்.

ஒரே வாசலை நம்பினால் என்ன ஆகும் என்பதை எங்கள் தேயிலை முன்பே பார்த்துவிட்டது. அது சீனாவால் வந்ததில்லை, சோவியத்தால். ரூபாயிலேயே கணக்கு முடிக்கும் ஏற்பாட்டில் சோவியத் ஒன்றியம் இந்தியத் தேயிலையை அள்ளி வாங்கியது. 1980-களின் கடைசியில் நம் தேயிலை ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி அங்கேதான் போனது. தென்னிந்தியத் தேயிலைக்கு அது பொற்காலம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அள்ளி வாங்குகிறவன் இருக்கும்போது ரெண்டு இலை ஒரு கொழுந்துக்கு மெனக்கெட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. இலை முற்றினாலும் ஃபேக்டரி வாங்கியது, தூள் எப்படி இருந்தாலும் ஏலத்தில் போனது. உருளைக்கிழங்கு போட்ட நிலமெல்லாம் தேயிலையாக மாறியது, ஃபேக்டரிகள் பெருகின. 1991-இல் சோவியத் கலைந்தது. அடி உடனே விழவில்லை, ரஷ்யா சில காலம் வாங்கிக்கொண்டிருந்தது. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது, இலங்கையும் கென்யாவும் அந்தச் சந்தைக்குள் புகுந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விவசாயி ஃபேக்டரிக்குப் போடும் பச்சை இலையின் விலை பாதிக்கும் கீழே போய், நீலகிரியில் மறியல், உண்ணாவிரதம் என்று ஊரே தெருவுக்கு வந்தது. இன்றைக்கும் குறைந்தபட்ச விலை கேட்டு சிறு விவசாயிகள் உட்காரும்போது, அதன் அடியில் கிடப்பது அந்தக் காலத்துப் பழக்கம்தான். வாங்கிய நாடே இல்லாமல் போய்விட்டது, அது வாங்கிய முறை எங்கள் பறிப்பிலும் ஃபேக்டரியிலும் தங்கிவிட்டது. சீனச் சந்தையை நம்பித் தொழிலை விரிக்கும் எந்த நாட்டுக்காரரையாவது சந்தித்தால் இந்தக் கதையைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

நீங்கள் சொன்ன இரண்டு நாடுகளுக்கு வருகிறேன். இலங்கையைச் சீனா கடனில் மூழ்கடித்தது என்பது பாதிதான் உண்மை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சுமார் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையில் ஒரு சீன அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது, அது பெரிய விஷயம்தான், பாதுகாப்புக் கவலையும் நியாயம்தான். ஆனால் 2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது அதன் வெளிக்கடனில் பெரிய பங்கு, சர்வதேசச் சந்தையில் அதுவே விற்ற பத்திரங்கள். வரியைக் குறைத்தது, கொரோனாவில் சுற்றுலா நின்றது, 2021-இல் ஒரே இரவில் ரசாயன உரத்தைத் தடை செய்தது எல்லாம் சேர்ந்தன. அந்த உரத் தடையால் 2022-இல் அவர்கள் தேயிலை சுமார் 25 கோடி கிலோவாகச் சுருங்க, இலங்கைத் தேயிலை வாங்கிய நாடுகள் இலையைச் சுருட்டிச் செய்யும் ரகமான இந்திய ஆர்த்தடாக்ஸ் தேயிலையைத் தேடி வந்தன. நீலகிரியில் ஆர்த்தடாக்ஸ் செய்யும் எஸ்டேட்டுகளுக்கு நல்ல விலை. இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் சிடிசி தூள் ஃபேக்டரிக்கு இலை கொடுக்கும் சிறு விவசாயிக்கு அதில் பெரிதாக ஒட்டவில்லை. இங்கேயும் அதே கதை, மாவட்டத்துக்கு ஒரே விடை கிடையாது.

வியட்நாம் முன்னேறியது உண்மை. சீனாவில் கூலி ஏற ஏற ஃபேக்டரிகள் அங்கே நகர்ந்தன. சாம்சங் 2009-இல் பாக் நின் மாகாணத்தில் கைப்பேசி ஆலையைத் திறந்தது. ஆனாலும் பாகங்கள் பெருமளவு சீனாவிலிருந்து வருகின்றன. சீனாவோடு பற்றாக்குறை, அமெரிக்காவோடு உபரி, நடுவில் பொருத்தித் தரும் கூலி. அது மோசமான இடமில்லை, நிலையான இடமும் இல்லை. உங்கள் பழநி மலைக்கு வியட்நாமே ஒரு வல்லரசு என்பதையும் மறக்க வேண்டாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்து மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பவர்களிடம் கேளுங்கள். முப்பது ஆண்டில் உலகின் முதல் மிளகு நாடாகிவிட்ட வியட்நாமின் சரக்கு, நேராக வந்தால் வரி என்பதால் இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று நம் விவசாயிகள் கூச்சலிட்டார்கள். கடைசியில் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்து இறக்குமதி கூடாது என்று மத்திய அரசு எல்லை வைத்தது. 2019 நவம்பரில் சீனாவும் வியட்நாமும் உள்ள ஆர்செப் என்ற வட்டார வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா பாங்காக்கில் கடைசி நேரத்தில் விலகியதற்கும் இந்த அச்சங்கள் ஒரு காரணம்.

இதுவரை நாம் அடிவாங்குகிறவர் இடத்தில் நின்று பேசினோம். டாக்காவிலிருந்தோ காத்மாண்டுவிலிருந்தோ பார்த்தால் எழுந்துவரும் பெரிய நாடு நாம்தான். 2019 செப்டம்பரில் இங்கே விலை ஏறுகிறது என்று வெங்காய ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தினோம். அடுத்த வாரம் டெல்லிக்கு வந்த அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, தன் சமையல்காரரிடம் வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லிவிட்டதாக மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த முறை முன்கூட்டிச் சொல்லுங்கள் என்பது அதில் இருந்த செய்தி. 2023 ஜூலையில் வெள்ளை அரிசி, டிசம்பரில் மறுபடி வெங்காயம். நம்மூர் வீட்டுச் செலவுக்கு அது சரியாகப்பட்டது. நம்மையே நம்பிக் கடை போட்டவனுக்கு? நேபாளத் தேயிலை வரியில்லாமல் வந்து டார்ஜிலிங்கைக் கெடுக்கிறது என்று நாம் புகார் சொல்கிறோம். அந்தத் தேயிலைக்கு நம்மை விட்டால் பெரிய வாசல் வேறு இல்லை என்பது நேபாள விவசாயியின் புகார்.

இனி உங்கள் வீட்டுப் பூண்டு. உலகப் பூண்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு சீனாவில் விளைகிறது, அதனால் பயம் நியாயமானது. ஆனால் பூஞ்சை இருப்பதாகச் சொல்லி 2014-இலிருந்து இந்தியா சீனப் பூண்டைத் தடை செய்திருக்கிறது. நேபாள எல்லை வழியாகக் கள்ளத்தனமாக வருகிறது. 2024-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, தடை செய்த பூண்டு சந்தையில் எப்படிக் கிடைக்கிறது என்று அதிகாரிகளைக் கேட்டது. அந்தக் கள்ளச் சரக்கு பெரும்பாலும் வடக்கிலேயே தீர்ந்துவிடும். நீங்கள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கட்டி அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டு வைத்திருந்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குக் கொண்டுபோகும் மலைப் பூண்டு வேறு ரகம். காரத்துக்கும் மருந்துக்கும் என்று தேடி வாங்குகிறவர் உண்டு, புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. எங்கள் ஊட்டிப் பூண்டை மேட்டுப்பாளையம் மண்டியில் வடமாநிலத்தார் விதைக்காக எடுக்கிறார்கள். அதனால் உங்கள் விலையை உடனடியாக அசைக்கக்கூடியது சீனாவில் பூண்டு விளையும் ஷான்டோங் மாகாணத்தைவிட மத்தியப் பிரதேசம்தான். நாட்டின் பூண்டில் பாதிக்கு மேல் அங்கே விளைகிறது. மந்தசௌர், நீமச் மண்டிகளில் வரத்துக் கூடி விலை விழுந்தால் விதைக்கு வாங்க வருகிறவர் கையும் சுருங்கும், வடுகபட்டியிலும் அது தெரியும். விதைக்கும் முன் அந்த இரண்டு மண்டி விலையையும் பாருங்கள், கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அப்பாவிடம், எல்லாப் பூண்டையும் ஒரே கமிஷன் கடைக்குப் போடாமல் விதைக்குக் கேட்பவருக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு வந்து வாங்குபவருக்கு ஒரு பங்கு என்று பிரிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் முடியாது என்பார். அப்படியானால் முதலில் அடைக்க வேண்டியது அந்த முன்பணத்தை.